ஊட்டிக்காரர்

எங்கள் சித்தப்பாவுக்கு ஊரில் 'ஊட்டிக்காரர்' என்று பெயர். டீக்கடையில் "ஊட்டிக்காரருக்குச் சக்கரை கம்மியா ஒண்ணு" என்று குரல் கேட்டால் அது அவருக்குத்தான். புதிதாக வந்த வி.ஏ.ஓ. ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "நீலகிரியிலேர்ந்து எப்ப சார் இந்தப் பக்கம் குடிவந்தீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். சித்தப்பா பிறந்தது திருவையாற்றுப் பக்கம். படித்தது, பெண் கட்டியது, பயிர் வைத்தது எல்லாம் காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில். ஊட்டிக்கு அவர் போனதில்லை. இருபது வருஷமாகப் போகப் போகிறார்.

இவர் மாதிரி தஞ்சாவூர் ஜில்லாவில் தெருவுக்கு ஒருவர் உண்டு. டவுனில் அரசு உத்தியோகமாக இருந்தால் எல்.டி.சி. விண்ணப்பத்தோடு திரிவார். பிள்ளை துபாயில் இருந்தால் வாட்ஸ்அப்பில் 'சம்மர் டிரிப்' என்று ஒரு குரூப் ஆரம்பிப்பார். மூன்றாம் நாளிலிருந்து அதில் குட்மார்னிங் ரோஜாப்பூ மட்டும் வரும். வாத்தியாராக இருந்தால் வரைபடம் போட்டு, போகும் வழியை மஞ்சள் கலரிலும் வரும் வழியைப் பச்சைக் கலரிலும் குறிப்பார். எனக்கு வாய்த்தவர் விவசாயி ரகம். ரகத்திலேயே முற்றியது.

அவருக்குப் பருவம் சம்பா அறுப்பு முடிந்ததும் தொடங்கும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று, பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை என்கிற அந்த இடைப்பட்ட நாட்கள்தான் டெல்டா விவசாயி கனவு காண ஏற்ற காலம். பணம் ஏறிவிட்டால் கடன்காரர் வந்துவிடுவார். அதற்குள் சித்தப்பா நோட்டை எடுத்துவிடுவார்.

அந்த நோட்டைப் பார்த்தால்தான் ஆள் புரியும். 192 பக்கம், காக்கி அட்டை. முன்பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு யூரியா, பொட்டாஷ், நடவாள் கூலி, அறுப்பு மிஷின் வாடகை. அதையே தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்தில் இன்னொரு பிள்ளையார் சுழி. கீழே, 'கோடைச் சுற்றுலா'. முன்னாலிருந்து செலவும் பின்னாலிருந்து டூரும் ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டே இருக்கும். வைகாசி வாக்கில் நடுப்பக்கத்தில் முட்டிக்கொள்ளும். முட்டினால் எது ஒதுங்கும் என்று பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போனதில்லையே தவிர, அவருக்கு ஊட்டி அத்துப்படி. "மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 1899-லேயே குன்னூர் வரைக்கும் ஏத்திட்டான் வெள்ளைக்காரன். ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆயிடுச்சு" என்பார். அந்த ரயில் எப்படி ஏறுகிறது என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போச்சு. சித்தியின் சீப்பைக் கொண்டுவரச் சொல்லி, அதைச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு பல்லாக மாட்டி மாட்டி மேலே ஏற்றிக் காட்டுவார். "இதான் பல்சக்கரம். பின்னால சறுக்காது பாரு." எங்கள் வீட்டில் எந்தச் சீப்புக்கும் முழுப் பல் கிடையாது.

முன்பெல்லாம் ரயிலுக்கு 120 நாள் முன்னதாகவே டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. கடைசி நேரத்தில் கேன்சல் செய்வது குறையும் என்று ரயில்வே நினைத்திருக்கலாம். அவர்கள் சித்தப்பாவைப் போன்றவர்களை நினைத்துத்தான் செய்தார்கள் என்பது என் சந்தேகம். நாலு மாதம் மனசால் ஊட்டியில் இருந்தவரை இரண்டு மாதத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். பாதி நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு வாரம் முகம் வாடிக் கிடந்தார்.

பங்குனிக் கடைசியில் குடும்பக் கூட்டம். இடம், மொட்டை மாடி. சாயங்காலம் நாலு குடம் தண்ணீரை ஊற்றினால் தளம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆவியைத் திருப்பித் துப்பும். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கடல்காற்று எங்கள் ஊர் வந்து சேர ராத்திரி ஆகும். அதுவரை புழுக்கம்தான். பாயை விரித்து, நடுவில் நோட்டை வைத்து, சித்தப்பா வாசிப்பார். "மன்னார்குடியிலேர்ந்து வர்ற செம்மொழி எக்ஸ்பிரஸ். ராத்திரி தஞ்சாவூர்ல ஏறுறோம். விடியக்காலம் கோயம்புத்தூர். அங்கேர்ந்து மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயில்."

"சமயபுரம் எப்ப?" இது அப்பாயி.

"அது இந்த வழியில வராதும்மா."

"திருச்சியைத் தாண்டித்தானே போவுது? ஆத்தாளைப் பாக்காம அந்தாண்ட மலைக்கு என்னடா வேலை?"

சமயபுரம் ஏறிற்று. அத்தையின் பேரப்பிள்ளைக்குப் பழனியில் மொட்டை பாக்கி. அதுவும் ஏறிற்று. சித்தியின் அண்ணன், கோயம்புத்தூர் வரை போய்விட்டு மருதமலை ஏறாமல் வந்தால் முருகன் கேட்பான் என்றார். அந்த முருகனையே பழனியில் பார்க்கிறோமே என்று சொன்னதற்கு, அவன் வேறு இவன் வேறா என்று சண்டைக்கு வந்தார்; வேறில்லை என்றால் ஒன்று போதாதா என்று எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கணக்குப் பார்த்தபோது ஐந்து நாளில் ஆறு கோயில் சேர்ந்திருந்தது. ஊட்டிக்கு மீதி ஒன்றேகால் மணி நேரம்.

இதில் அப்பாயியைக் குறை சொல்ல முடியாது. மண்ணின் வாகு அப்படி. தஞ்சாவூரிலிருந்து ஒழுங்காக டூர் போனவர் என்றால் இரண்டாம் சரபோஜி மன்னர்தான். 1820-இல் காசிக்குப் புறப்பட்டபோது மூவாயிரம் பேர் கூடப் போனதாகச் சொல்வார்கள். அவரும் வழியெல்லாம் கோயில் கோயிலாக நின்று கும்பிட்டுத்தான் போனார். மூவாயிரம் பேரில் எத்தனை அப்பாயி இருந்தார்களோ.

சித்திதான் கடைசியில் பேசுவார். "கூழ் வத்தல் யாரு பாத்துக்குறது?" கத்திரி வெயிலைக் கண்டு ஊரே ஓடும்போது, அதற்காக வருஷம் பூராவும் காத்திருக்கிற ஜீவன் சித்தி ஒருவர்தான். மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் 28 வரைக்கும் மாடி அவர் ராஜ்யம். வேட்டியில் பிழிந்த வத்தல் ஒரு பக்கம், மோர் மிளகாய் ஒரு பக்கம், காக்கைக்குக் கறுப்புத் துணி கட்டிய குச்சி ஒரு பக்கம். "கத்திரியில போடாம கார்த்திகையிலயா வத்தல் போடுவாங்க?" என்று அவர் கேட்டதற்குச் சித்தப்பாவிடம் இன்றுவரை பதில் இல்லை.

அதே மாடிக் கொடியில் வருஷத்துக்கு ஒருநாள் நாலு ஸ்வெட்டரும் ஒரு மங்கி குல்லாவும் காயும். முதல் வருஷத் திட்டத்தின்போது வாங்கியவை. பாச்சை உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பதை, பூச்சி அரிக்காமல் இருக்க எடுத்து உதறிப் போடுவார்கள். உச்சிவெயிலில் கம்பளி ஸ்வெட்டர் காய்வதைப் பார்த்தால் நமக்கு முதுகில் வேர்க்கும். சின்னவனுக்கு என்று வாங்கிய சிவப்பு ஸ்வெட்டரில் ஒரு வாத்து பொம்மை உண்டு. சின்னவன் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம்.

கோயிலும் வத்தலும் சும்மா. அவற்றையெல்லாம் சமாளித்துவிடுவார். சித்தப்பாவை மடக்குவது மேட்டூர். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அணை நீர்மட்டம் பார்ப்பார். தலைப்புச் செய்தி அப்புறம்தான். 120 அடி அணை; ஜூன் 12 திறக்கிற நாள். மட்டம் நூறைத் தாண்டி நின்றால் திறப்பு நிச்சயம், குறுவை நிச்சயம். உழவு ஓட்டணும், நாற்றங்கால் விடணும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி பம்புசெட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுக்கணும். டூருக்கு நேரம் இல்லை. மட்டம் கீழே கிடந்தால் குறுவை இல்லை. நேரம் நிறைய உண்டு, காசு இல்லை. தண்ணீர் இருந்தாலும் போக முடியாது, இல்லாவிட்டாலும் போக முடியாது என்கிற இந்தக் கணக்கை உலகத்தில் வேறு எந்தச் சுற்றுலாப் பயணியும் போட்டிருக்க மாட்டான்.

சான்றுக்கு இரண்டு வருஷம் சொல்கிறேன். 2022-இல் டிக்கெட் உறுதியாகிவிட்டது. மே 27, ஆறு பேர், எல்லாம் கீழ் பெர்த்தும் நடு பெர்த்துமாக. சித்தி வத்தலைக்கூட முன்னதாகவே முடித்துவிட்டார். பார்த்தால் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம் மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவையாம். 27-ஆம் தேதி கல்லணை திறப்பு. ரயில் ஏற வேண்டிய சித்தப்பா வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்றார். முகத்தில் வருத்தம் இல்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன். 2024-இல் நேர் எதிர். ஜூன் 12 போனது, ஜூலையும் ஏறக்குறையப் போனது, 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த வருஷம் நோட்டில் முன்பக்கமும் காலி, பின்பக்கமும் காலி. (2020, 2021-ஐ விட்டுவிடலாம். அந்த இரண்டு வருஷமும் ஊரே அவரோடு சேர்ந்து எங்கும் போகவில்லை.)

இதற்கு நடுவில் சித்திரையும் வைகாசியும் கல்யாண மாசம். மஞ்சள் தடவிய பத்திரிகைகள் வந்து டூர் தேதிகளைக் கவ்விக்கொண்டு போகும். நம் வீட்டுக்கு எழுதினவர்களுக்குத் திருப்பி எழுதாமல் மலையேற முடியுமா? மொய் நோட்டு, டூர் நோட்டைத் தின்று ஏப்பம் விடும்.

போகாத ஊருக்கு வழி கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சித்தப்பா பாஸே வாங்கினார். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததல்லவா? மறு வருஷம் ஏப்ரலில் ஊட்டிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வந்தது. பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னோம். "ஆறாயிரத்துல ஒண்ணு நம்மளுது இருக்கட்டும்" என்று பக்கத்து வீட்டு ஆம்னி வேன் நம்பரைப் போட்டு வாங்கி, லேமினேட் செய்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தேதி கடந்தும் இருக்கிறது. வேன்காரருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கடைசியில் ஒவ்வொரு வருஷமும் நடப்பது ஒன்றுதான். மே மாதக் கடைசி ஞாயிறு, அதே வேன், தூக்குவாளியில் புளிச்சோறும் தயிர்ச்சோறும். சிக்கலில் முருகன், நாகூரில் ஆண்டவர், வேளாங்கண்ணியில் மாதா. மூன்று கும்பிடும் ஒரே நாளில் முடியும். சாயங்காலம் கடலில் கால் நனைத்துவிட்டு, வேன் முழுக்க மணலோடு திரும்புவோம்.

போன வருஷம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் காயில் எரிந்துபோய், கட்டக் கொடுத்திருந்தோம். அது தயாராகும் வரை பெரிய கோயிலுக்கு எதிரில் ஒரு சர்பத் கடை நிழலில் நானும் சித்தப்பாவும். பகல் பன்னிரண்டரை. உள்ளே கல்தளத்தில் நார் விரிப்பு போட்டிருப்பார்கள். அதை விட்டு ஓரடி விலகினால் ராஜராஜன் 1010-இல் முடித்த கோயிலை 10 விநாடியில் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவு வேகம் தானாக வரும். அப்படிக் குதித்துக் குதித்து வெளியே வந்தது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள். முகமெல்லாம் தக்காளி.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்த வெயில்ல பச்சப் புள்ளைங்களை ஏங்க கூட்டிட்டு வந்தீங்க? இதே காசுக்கு ஊட்டி போயிருக்கலாமே" என்று நோட்டைத் திருப்பிவிட்டார். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. சீப்பு இல்லாததால் கடைக்காரரின் ஐஸ் சீவுகிற கட்டையை வைத்துப் பல்சக்கரம் விளக்கினார். குன்னூரில் இறங்கினால் சிம்ஸ் பூங்காவைத் தவறவிடக் கூடாது என்றார். அந்த மனிதர் நன்னாரி சர்பத்தைக் குடித்தபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குக் குன்னூர்தாங்க" என்றார் கடைசியில்.

சித்தப்பா ஐஸ் கட்டையைக் கீழே வைத்தார்.

"சீசன்ல அங்கே நிக்க இடமில்லைங்க. கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது, ரோடு பூரா வண்டி. அதான், ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போலாம்னு இந்தப் பக்கம் வந்தோம்."

நாலு சர்பத்துக்கும் சித்தப்பாவே காசு கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றும் விடவில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரும்வரை பேசவில்லை. பஸ் கிளம்பியதும் மெதுவாக, "ஏன் தம்பி, அவங்க ஒருத்தர்கூட ஸ்வெட்டர் போடலையே?" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிட்டு மாடிக்கு வந்ததும் கரண்டு போனது. எங்கும் இருட்டு, ஒரு இலை அசையவில்லை. வத்தல் வாசனையும் அப்பாயியின் பெருமூச்சும் மட்டும். சித்தப்பா தலைமாட்டில் கிடந்த நோட்டை எடுத்து அப்பாயிக்கு விசிற ஆரம்பித்தார். 192 பக்கம் நல்ல கனம். காற்றும் அதற்குத் தகுந்தாற்போல வந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"அடுத்த வருஷம் ஏற்காடு. ஊட்டி உசரம் கிடையாது, 1,500 மீட்டர்தான். ஆனா கூட்டம் கம்மி."

யாரும் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்த அப்பாயி இருட்டிலிருந்து கேட்டார்: "வழியில என்ன கோயில்டா இருக்கு?"