பத்து விரல் கைநாட்டு

தாத்தா வட்டிக்காரரின் பத்திரத்தில் ஒரு பெருவிரலை வைத்தார். நிலம் போனது. ‘கைநாட்டு’ என்று ஊர் சிரித்தது. பேரன் கணினியில் பத்து விரலையும் வைக்கிறான். அப்பாவின் கூலி போகிறது. இதற்குப் பெயர் மட்டும் அறிவியல்!

டி.எம்.ஐ.டி. என்று ஒரு சரக்கு. விரல் ரேகையைப் பார்த்து, பிள்ளைக்கு எந்த அறிவு எத்தனை சதவீதம், எந்த வேலைக்குப் பிறந்திருக்கிறான் என்று வண்ணத்தாளில் அச்சடித்துத் தருவார்கள். நாடு முழுக்க விற்கிறார்கள். எங்கள் புதுச்சேரியின் வில்லியனூரும் பாகூரும் நாட்டுக்குள்தானே இருக்கின்றன?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983இல், அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்று எழுதினார். மொழி, கணக்கு, இசை, உடல், வெளி, பிறரை அறிதல், தன்னை அறிதல். பிறகு இயற்கையை அறிதலையும் சேர்த்தார். அந்தக் கோட்பாட்டையே உளவியலாளர் பலர் ஏற்கவில்லை. அது ரேகையில் தெரியும் என்று அவரும் சொல்லவில்லை. இந்தச் சோதனைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றே சொல்லிவிட்டார். இதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய உளமருத்துவச் சங்கமும் 2019இல் அறிவித்தது. வைத்தீஸ்வரன்கோவில் நாடி ஜோதிடர் இவர்களைவிட நாணயமானவர். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது, ஒரே ஒரு கட்டைவிரலோடு விட்டுவிடுவார். ஹார்வர்டைச் சாட்சிக்கு இழுக்கமாட்டார்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபம். நாற்று நட்டுவிட்டு வந்த அம்மா, பன்னிரண்டாவது படிக்கும் மகள், மடிக்கணினியோடு ஒரு டை.

“உங்க பொண்ணுக்கு இயற்கை அறிவு தூக்கலா இருக்கும்மா. இசையும் நல்லா வருது.”

“சார், டாக்டர் ஆவாளா?”

“ஏன் ஆகமாட்டாங்க? நீட் கோச்சிங் நம்மகிட்டயே இருக்கு.”

உள்ளே போக எட்டு வாசல், வெளியே வர ஒன்றே ஒன்று. எட்டு அறிவையும் அளந்து முடித்து, எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு அளப்பானேன்?

அறிவு பல வகை என்று எங்களுக்கு ஹார்வர்டா சொல்ல வேண்டும்? தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. எந்த மடையை எப்போது திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறும், யார் வயலுக்கு முன்னால் யார் வயல், சண்டை வந்தால் யாரிடம் என்ன பேசுவது, எல்லாம் தெரிந்த மனிதர் கரையில் நிற்கிறார். கணக்கு, வெளி, பிறரை அறிதல், மூன்றும் ஒரே ஆளிடம். அவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர், ‘படிக்காதவர்.’ வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கைதட்டினோம். அந்தக் கையோடு நம் வீட்டுப் பிள்ளையை மண்ணில் கை வைக்க அனுப்புவோமா? மூச்!

இது பழைய வியாதி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரில் வேதம் படிக்க ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. ஊரின் விளைச்சல் கல்லூரிக்குப் போனது. விளைவித்தவன் அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆயிரம் ஆண்டு தாண்டியும் அதே கணக்குதான்; செப்பேட்டுக்குப் பதில் வண்ணத்தாள்.

அரசு என்ன செய்கிறது என்கிறீர்களா? கொம்யூன் பஞ்சாயத்துக்காக எங்கள் விரலில் மை பட்டது 2006இல். அதன்பின் பதினைந்து ஆண்டுக்கு மேலாகியும் அடுத்த மை வரவில்லை. எங்களுக்கு விரல் இருப்பதையே அரசு மறந்துவிட்டது. வியாபாரி மறக்கவில்லை.

மண்டபத்துக்குத் திரும்புவோம். அம்மாவுக்கு ஓர் ஆசை.

“எனக்கும் பாருங்க சார்.”

விரலை வைக்கிறாள். கருவி ‘கீ’ என்கிறது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறான். மறுபடியும் ‘கீ’.

“ரேகை விழலைம்மா. தேஞ்சிருக்கு.”

ஆமாம், தேய்ந்துதான் போயிருக்கிறது. முப்பது வருஷம் சேற்றில் நாற்று ஊன்றிய விரல். அவள் கற்றதெல்லாம் ஏறியிருக்கும் விரல் கருவிக்குத் தெரியவில்லை. முடிச்சை அவிழ்த்து அதே விரலால் நோட்டை எண்ணிக் கொடுக்கிறாள். அப்போது அவனுக்கு அது பளிச்சென்று தெரிகிறது.