பிரான்ஸ் கடிகாரமும் புதுவையின் மதியத் தூக்கமும்: ஓர் ஆய்வு

ஆண்டுக்கு இருமுறை கடிகார முள்ளைத் தள்ளிவைக்கும் வழக்கத்தைப் பற்றி ஐரோப்பாவில் ஏராளமாக எழுதித் தள்ளிவிட்டார்கள். அதனால் புதுவை முத்தியால்பேட்டையில் ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்குப் போன் அடிக்கிறது என்பது மட்டும் அறிஞர் உலகின் கவனத்துக்கு வரவே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக் களத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1962 ஆகஸ்ட் 16-இல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸை ஒட்டிய சார்செல் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் 'சொல்தா' தாத்தாவும் ஆயாவும் புதுவையில் இருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பிரான்ஸ் என்றால் மஞ்சள் சுவரும் கடற்கரைச் சாலையும். இவர்களுக்கு அது போன்.

இனி வரலாறு. 1784-இல் பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்ளின், சூரியன் உதிப்பதே தெரியாமல் நகரம் தூங்குகிறது என்று ஒரு பத்திரிகைக்குக் கிண்டலாகக் கடிதம் எழுதினார். சன்னலடைப்புகளுக்கு வரி போடுங்கள், விடிந்ததும் பீரங்கி வெடித்து எழுப்புங்கள் என்பவை அவர் சொன்ன யோசனைகள். முள்ளைத் திருப்பச் சொன்னவர் அவரல்லர். அந்தப் பெருமை நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சனுக்கு உரியது. மாலையில் பூச்சி பிடிக்க வெளிச்சம் போதவில்லை என்பது அவர் குறை. 1895-இல் இரண்டு மணி நேரம் தள்ளிவைக்கக் கேட்டார். பூச்சிக்கு மசியாத அரசுகள் போருக்கு மசிந்தன. விளக்குச் செலவை மிச்சம் பிடிக்க ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று முள்ளைத் தள்ளியது. பிரான்ஸ் அதே ஆண்டு ஜூன் நடுவில் தள்ளியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கைவிட்ட பிரான்ஸ், எண்ணெய் விலை ஏறிய பின் 1976 மார்ச் 28-இல் மறுபடியும் தொடங்கி, இன்றுவரை நிறுத்தவில்லை.

நேர விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்களின் மனப்போக்குக்கு இரண்டு சான்றுகள் போதும். அந்நாட்டு ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் வாசல் கடிகாரம் சரியான மணி காட்டும், உள்ளே இருப்பது வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடும். வாசலில் பதறி ஓடி வருபவர் உள்ளே போய் மூச்சுவாங்கலாம். 1911-இல் உலகத்தோடு ஒத்துப்போக கிரீன்விச் நேரத்தை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்றானபோது, சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரையே எழுதவில்லை. 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது' என்று எழுதிக்கொண்டார்கள். சம்பந்தி பெயரைச் சொல்லாமலே கல்யாணப் பத்திரிகை அடித்தது போல.

பாரிஸுக்கு இதெல்லாம் தேவைதான். அங்கே ஜூனில் பகல் பதினாறு மணி நேரம், டிசம்பரில் எட்டேகால். புதுவையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணிக்கும் குறைவு. நமக்கு வெயிலைச் சேமிக்க வேண்டிய அவசியமில்லை. செலவழிக்கத்தான் வழி தெரியவில்லை. ஆனாலும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியா 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை முள்ளை ஒரு மணி தள்ளிவைத்தது. இலங்கை மின்தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே போய், அக்டோபரில் அரை மணி பின்னே வந்து, 2006 சித்திரைப் புத்தாண்டோடுதான் பழைய இடத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே ஓடியது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணியும் மாறும்.

புதுவைக்கு வருவோம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு, நம் நேரம் சரியாகக் காலை ஆறரைக்குப் பிரான்ஸ் மணி மாற்றுகிறது. பங்குனியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை. அந்நேரத்தில் புதுவை பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். ஒன்றும் கண்ணில் படாது. மார்ச் மாற்றம் முதல் ஏழு மாதம் இடைவெளி மூன்றரை மணி, அக்டோபர் முதல் ஐந்து மாதம் நாலரை. சார்செல் பேரன் ஞாயிறு காலை பத்துக்கு எழுந்து காப்பியோடு கூப்பிட்டால், கோடையில் இங்கே ஒன்றரை: ஆயாவின் கை மீன்குழம்புச் சோற்றில் இருக்கிறது. குளிர்காலத்தில் இரண்டரை: பாய் விரித்தாயிற்று. மதியம் கடைகளே ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத் திறக்கிற ஊர் இது.

"ஆயா, தூங்கிட்டியா? இங்க இப்பதான் பத்து."

"போன வாரம் ஒன்றரைக்குத்தானேடா பண்ணே?"

"நாங்க மணிய மாத்திட்டோம் ஆயா."

"யாரைக் கேட்டுடா மாத்தினீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதிலைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் ராகுகாலச் சிக்கல் ஒன்று இருக்கிறது. புதுவையில் வாங்கிப்போன நாள்காட்டி பாரிஸ் சமையலறையில் தொங்கி, ஞாயிறு ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 என்கிறது. பெண் பார்க்கும் பேச்சைத் தொடங்க எந்த ஊர் மணி? பஞ்சாங்கக் கணக்குப்படி அந்தந்த ஊர்ப் பகலை எட்டாகப் பிரித்து, ஞாயிறுக்கு எட்டாவது பங்கை எடுக்க வேண்டும். பாரிஸில் ஜூன் மாதம் அப்படிக் கணக்கிட்டால் ராகுகாலம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்து வரை நீள்கிறது. புதுவைக் கடிகாரத்தில் அது இரவு பதினொன்றரை முதல் ஒன்றரை. டிசம்பரிலோ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கோடையில் ராகுவுக்கு அங்கே ஓவர்டைம் என்பதே இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு.

யாரைக் கேட்டார்கள்? 2018-இல் ஐரோப்பிய ஆணையம் கேட்டது. 46 லட்சம் பேர் பதில் சொன்னார்கள், பெரும்பாலோர் ஜெர்மானியர். 84 சதவீதம் பேர் மணி மாற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆமோதித்தது. எந்த நேரத்தில் நிற்பது என்பதில் நாடுகள் ஒத்துப்போகாததால் காரியம் கிடப்பில் கிடக்கிறது.

புதுவையின் நலன் கருதி, நிற்பதானால் கோடை நேரத்திலேயே நிற்கட்டும் என்பது என் தீர்ப்பு. சாப்பிடுகிறவர் இடக்கையால் ஸ்பீக்கரைப் போட்டுவிடலாம், தூங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11-ஆம் தொகுதியில் புதுவையின் பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மூன்றரையா நாலரையா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற நாள் ஞாயிறானால் நாலு மணிக்கு வந்து, நாலரைக்குள் பேசி முடித்துவிடச் சொல்லுங்கள்.