டெல்லி போய் வந்த உடுப்பு

கிழிந்த உடுப்பு இன்றைக்குத்தான் ஃபேஷன் என்று நினைக்கிறவர்கள் திருச்சி பக்கத்துத் துவாக்குடிக்கு வந்ததில்லை. பாய்லர் ஆலையை நம்பி முளைத்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைந்த ஊர். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்களின் சட்டை முன்பக்கமெல்லாம் வெல்டிங் பொறி பட்ட ஓட்டை. அப்பாவின் சட்டையைக் கொடியில் காயப்போட்டால் அதன் வழியே எதிர்வீடு தெரியும்.

அந்தச் சட்டைக்கும் இலக்கணம் உண்டு. பருத்தி தவிர வேறு துணி ஆகாது. டெரிலினில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைப்பைக்கு மூடி வேண்டும். பேண்ட் காலை மேலே மடித்துவிடக் கூடாது, மடிப்புக்குள் கங்கு போய் உட்கார்ந்துகொள்ளும். பாரிஸில் எந்த டிசைனரும் ஒரு மடிப்புக்கு இவ்வளவு காரணம் சொல்லியிருக்க மாட்டார். பின்னாளில், முழங்காலில் கிழித்தே விற்கிற ஜீன்ஸோடு நான் வீட்டுக்கு வந்தபோது, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது கேஸ் கட்டிங்கா, ஆர்க்காடா?"

விலையைச் சொன்னேன். குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

என் சின்ன வயதில் உடுப்பு விஷயத்தில் எனக்கு வாக்குரிமை கிடையாது. தீபாவளி என்றால் திருச்சி என்.எஸ்.பி. ரோடு, சாரதாஸ் ஜவுளிக்கடைக் கூட்டம், அம்மாவின் தேர்வு. "வளர்ற புள்ள, கொஞ்சம் தாராளமா தைங்க" என்பாள். டெய்லர் அளவெடுப்பது அப்போதைய என்னை அல்ல, இரண்டு வருடம் கழித்து வரப்போகிற வேறு யாரையோ. பள்ளிக்கூட பேண்டின் அடியில் நாலு விரல் உள்மடிப்பு இருக்கும். வளர வளரப் பிரித்துவிடுவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத கருநீலக் கோடு நிற்கும். வளையத்தை எண்ணி மரத்தின் வயதைச் சொல்வதுபோல, கோட்டை எண்ணி என் வகுப்பைச் சொல்லலாம்.

வெளியுலக நாகரிகத்தை எங்களுக்குக் காட்டியது பக்கத்திலிருந்த பொறியியல் கல்லூரி. 1964-இல் ஆர்.இ.சி.யாக வந்து, 2003-இல் என்.ஐ.டி. ஆனது. பெயர்தான் மாறியது, பையன்களின் அரை டிராயர் மாறவில்லை. தஞ்சாவூர் ரோட்டு டீக்கடையில் வடநாட்டுப் பையன்கள் அரை டிராயரோடு நிற்பதைப் பார்த்து என் தாத்தா மனசார வருத்தப்பட்டார். "இன்ஜினியருக்குப் படிக்கிற புள்ளைக்கு ஒரு முழு பேண்ட் எடுத்துக் குடுக்க ஆளில்ல பாரு." சொல்லும்போது அவர் கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார்.

எனக்கு வேலை கிடைத்தது டெல்லியில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் வளர்ந்தவனுக்கு ஸ்வெட்டர் என்பது ஊட்டியில் எடுத்த பாட்டுகளில் மட்டும் வருகிற பொருள். டெல்லி டிசம்பர் ஒரே வாரத்தில் என்னை கரோல் பாக் நடைபாதைக் கடைக்கு விரட்டி, கம்பளிக் குரங்குக் குல்லா ஒன்றை வாங்கவைத்தது. அதன்பின் என் ஃபேஷனில் வெளியே தெரிந்தது மூக்கு மட்டுமே. லீவுக்கு ரயிலேறினால் நாக்பூரில் குல்லா கழலும், விஜயவாடாவில் ஸ்வெட்டர், விழுப்புரம் வருவதற்குள் சட்டையின் மேல் இரண்டு பொத்தான். வீடு வந்ததும் கைலி. இதில் என் ரசனை என்று எது, எனக்குத் தெரியவில்லை. வெயிலும் குளிரும் முடிவெடுத்தன, நான் காசு கொடுத்தேன்.

2016 ஜனவரி முதல் தேதி, மார்கழி. நீதிமன்ற உத்தரவுப்படி அறநிலையத் துறைக் கோயில்களில் உடைக் கட்டுப்பாடு அன்றுதான் அமலுக்கு வந்தது. ஜீன்ஸ் கூடாது, லெக்கிங்ஸ் கூடாது, கைலியும் கூடாது. (கொஞ்ச நாளிலேயே நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது வேறு கதை.) அம்மா ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டாள். நான் கைலியோடு திண்ணையில் உட்கார்ந்து சட்டம் பேசினேன்.

என் கட்சிக்கு ஆதாரம் கோயிலுக்குள்ளேயே இருந்தது. முன்னொரு படையெடுப்பில் டெல்லிக்குப் போன பெருமாள்மேல் சுல்தான் மகள் மனசைப் பறிகொடுத்து, அவர் திரும்பியபோது பின்னாலேயே ஸ்ரீரங்கம் வந்தாள் என்பது கோயில் மரபு. துலுக்க நாச்சியாராக இன்றும் அங்கே ஓவியமாக இருக்கிறாள். அவள் நினைவாகத்தான் ரொட்டி நைவேத்தியம். திருமஞ்சனத்தின்போது பெருமாளுக்குக் கைலி சாத்துவதும் அதனால்தான் என்பார்கள். 1323 படையெடுப்பில் மறுபடி ஊரைவிட்டுப் போனவர், திருமலை வரை அலைந்து 1371-இல்தான் திரும்பினார். இவர்தானா அவர் என்று ஊரே குழம்பி நிற்க, கண் தெரியாத ஒரு வயதான வண்ணார் நனைந்த வஸ்திரத்தின் வாசனையை வைத்தே "இவரே நம்பெருமாள்" என்றாராம். ஆளுக்குச் சாட்சி உடுப்பு.

"பெருமாளே கைலி கட்டுறாரு. என்னை மட்டும் ஏம்மா வேட்டி கட்டச் சொல்ற?"

அம்மா பூக்கூடையைக் கீழே வைக்கவில்லை.

"அவரு டெல்லி போனாரு, பின்னாடியே ஒரு நாச்சியார் வந்தாங்க. உன் பின்னாடி என்னடா வந்துச்சு? குரங்குக் குல்லா. எந்திரிச்சுப் போய் வேட்டியக் கட்டு, பஸ்ஸு வந்துரும்."