சூரியன் சும்மா இருக்கான்னு யாருல சொன்னது?

ஏல பேராண்டி, மூஞ்சிய ஏன் ஊறப்போட்ட புளி மாதிரி வச்சிருக்க? கூட்டாளிக்கு ஆராய்ச்சி பண்ண 2024 மே மாசத்துப் பெரிய சூரியப் புயல் கிடைச்சுட்டு. லடாக் வரைக்கும் வானம் செவந்துதுன்னு அவன் பீத்திக்கிட்டுத் திரியுதான். உனக்கு வந்து வாய்ச்சது 2008. அந்த வருசம் 266 நாள் சூரியன் மூஞ்சியில ஒரு கரும்பொட்டுகூட இல்லைன்னு நீதான் வாசிச்சுக் காட்டின. பொட்டு இல்லைன்னா சத்தமும் இருக்காதுன்னு யாரு சொன்னா? உங்க ஆச்சி பொட்டு வைக்க மறந்த அன்னைக்குத்தான் வாய் கூடுதலா இருக்கும். நான் அம்பது வருசமா கேட்டுக்கிட்டுதான இருக்கேன்.

வெயிலோட சேந்து வர்ற புற ஊதாக் கதிர் கொறைஞ்சு, அயனிமண்டலம் சுருங்கிக் கிடந்தது நிசந்தான். அமெரிக்காக்காரன் அந்த வருசம் ஏப்ரல்ல விட்ட சி-நோஃப்ஸ் செயற்கைக்கோள் போயி அளந்தா, ராத்திரி அயனிமண்டலத்தோட மேல் விளிம்பு 420 கிலோமீட்டர், பகல்ல 800. 640-ம் 960-ம் இருக்கும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தவங்களுக்கு, வேட்டி எடுக்கப் போயி துண்டோட வந்த கதை ஆயிட்டு.

ஆனா கதிர் வேற, சூரியக் காத்து வேற. கதிர் எட்டு நிமிசத்துல வந்துரும். காத்து நொடிக்கு 400 கிலோமீட்டர் ஓடினாலும் வந்து சேர நாலு நாளுக்கு மேல ஆகும். அதுலயும் வேகக்காரன் ஒருத்தன் உண்டு, 600, 700-ன்னு வருவான். அவன் பொட்டுல இருந்து வாரவன் இல்ல. பொட்டே இல்லாத இடத்துல இருந்து வாரவன்.

இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிங்க பட்ட பாடு இருக்கே! 1930-கள்ல யூலியுஸ் பார்ட்டெல்ஸ்னு ஒரு ஜெர்மனிக்காரர். 27 நாளைக்கு ஒருக்க காந்த முள்ளு ஆடுது, வட்டிக்காரன் வந்து கதவைத் தட்டுத மாதிரி. சூரியனைப் பாத்தா அங்கன ஒண்ணுமில்ல. ஆளைப் பிடிக்க முடியலைன்னதும் ‘எம் பகுதி’ன்னு பேரை மட்டும் வச்சாரு. கிட்டத்தட்ட நாப்பது வருசம் கழிச்சு, 1973-ல ஸ்கைலேப்ல இருந்து எக்ஸ் கதிர்ல படம் எடுத்தப்பதான் கருப்பு ஓட்டை தெளிவாத் தெரிஞ்சுது. கொரோனாத் துளை. சூரியன் ஒரு சுத்து சுத்தி அந்த ஓட்டையை நம்ம பக்கம் திருப்ப 27 நாள் ஆகும்.

கோயில் கொடைக்குக் குடை ராட்டினம் வருமே, அதுல மூணு பயலுவ தள்ளித் தள்ளி உக்காந்து வாரவன் போறவன் மேல தண்ணி பீச்சினா எப்படி? 2008-ல சில காலம் அப்படித்தான் மூணு ஓட்டை. 27-ஐ மூணால வகு. 300 கிலோமீட்டருக்கு மேல நம்ம வாயுமண்டலக் காத்தோட அடர்த்தியை சாம்ப் செயற்கைக்கோள் அளந்தா, 9 நாளைக்கு ஒருக்க ஏறி இறங்குது. அயனிமண்டலமும் கூடவே தாளம் போடுது. உன் கூட்டாளியோட புயல்ல இது தெரியுமால? நையாண்டி மேளம் முழங்குதப்ப பக்கத்துத் தெரு நாய் கொலைக்கிறது யாருக்குக் கேக்கும்?

சூரியக் காத்து நேரா வந்து அயனிமண்டலத்துல முட்டும்னு எழுதிராத, வாத்தியார் கிழிச்சிருவாரு. பூமியோட காந்தம் வேலி போட்டிருக்கு. காத்து கூடவே ஒரு காந்தப் புலத்தைத் தூக்கிட்டு வருது. அது தெக்காமத் திரும்பினா வேலிப் படல் திறந்துக்கிடும். வேகக் காத்துல அந்தப் புலம் தெக்கயும் வடக்கயுமா ஆடிக்கிட்டே கிடக்கும், படலும் திறந்து மூடித் திறந்து மூடி இருக்கும். துருவத்துப் பக்கம் மின்சாரம் பாஞ்சு அங்கன உள்ள நம்ம வாயுமண்டலக் காத்து சூடாகி உப்பும். குத்தாலத்துச் சாரல் மாதிரி. இடி இல்ல, மின்னல் இல்ல, ஆனா நாலு நாள் விடாமத் தூத்தினா கொடியில போட்ட வேட்டி காயாது. அப்படி நாள்கணக்குல உள்ள வந்த சக்தியைக் கூட்டிப் பாத்தா, சில நேரம் பெரிய புயலையே மிஞ்சிரும்.

நம்ம தலைக்கு மேலயும் சங்கதி உண்டு. காந்த நடுக்கோடு நம்ம தெக்குச் சீமை பக்கமாத்தான் போகுது. மத்தியான நேரம் சுமார் 105 கிலோமீட்டர் உசரத்துல மின்சாரம் ஆறாக் கெழக்க ஓடும். அதை அளக்கத்தான் இங்கன கிருஷ்ணாபுரத்துல ஆய்வுக்கூடம். துருவத்துல கலகம்னா இந்த ஆறும் துள்ளும், சில நேரம் தளரும். அதுக்காக ஆறு திரும்பி ஓடுத நாளுக்கெல்லாம் சூரியக் காத்து மேல பழியப் போடாத. நிலாவுக்கும் கீழ்க்காத்துக்கும் அதுல பங்கு இருக்கு.

‘பத்தாங்கிளாஸ் தாண்டாத கெழவனுக்கு இதெல்லாம் எப்படி?’ன்னு பாக்க. நான் ரேடியோ ரிப்பேர் கடை வச்சவன்ல. 1974-ல சூரியன் அடங்கிக்கிட்டு வந்த காலம். திடீர்னு ரெண்டு நாள் லண்டன் ஸ்டேஷன் சிற்றலையில இரைச்சலா மங்கும். ரேடியோவைத் தூக்கிட்டு வருவாங்க. பாதிப் பேருக்கு செல்லு தீந்திருக்கும். மீதிப் பேருக்கு நான் மூடியைக் கழட்டி தூசியை ஊதி, ‘மூணு நாள் கழிச்சு வாங்க’ம்பேன். அதுக்குள்ள வானம் தணிஞ்சிரும், பொட்டி பாடும். ரெண்டு ரூபா. எழுதி வச்ச நோட்டைப் புரட்டுனா, ஆளுங்க வந்ததும் ஏறக்குறைய 27 நாளைக்கு ஒருக்க! காரணம் என்னன்னு இப்ப உன் புத்தகத்தைப் பாத்துத்தான் எனக்கே தெரியும்.

அந்த நோட்டு பரண்ல கிடக்கு, எடுத்துக்கோ. அதுல மூணு பக்கத்துல உங்க அப்பாவைப் பெத்தவரு பேரு இருக்கும். அப்ப அவரு எனக்கு சம்பந்தி இல்ல, பாத்துக்கோ. அந்தப் பக்கத்தை மட்டும் அவருகிட்ட காட்டிராத.