ஒரே வாசல், இரண்டு வீட்டு விருந்தாளிகள்

சர்வருக்கு 65,535 வாசல்கள் (போர்ட்கள்). சில ஆபீஸ் ஃபயர்வால்களோ வெளியே போக 443-ஐ மட்டும்தான் திறந்து வைக்கும். அதுவும் வெப்சைட் பார்க்க. தூரத்து சர்வரை இயக்க உதவும், 22-ஆம் வாசலுக்குப் போகவேண்டிய எஸ்எஸ்எச் என்ன செய்யும்? அதுவும் 443-இலேயே வந்து நிற்கிறது.

சர்வரின் அந்த வாசலில் எஸ்எஸ்எல்எச் என்றொரு வாட்ச்மேன் புரோகிராம். அடையாள அட்டை கேட்கமாட்டார். வந்தவரின் முதல் பேச்சை மட்டும் காதில் வாங்குவார். ‘எஸ்எஸ்எச்-2.0’ என்று தொடங்கினால் எஸ்எஸ்எச் சர்வர் பக்கம். முதல் பைட்டின் மதிப்பு 22 என்றால் டிஎல்எஸ் (வெப்சைட்டின் ரகசியப் பேச்சு), வெப் சர்வர் பக்கம். ஆமாம், 22 என்று சொல்லிக்கொண்டு வருபவர் எஸ்எஸ்எச் அல்ல. எண் பொருத்தம் அப்படி! வாயே திறக்காமல் நிற்பவரை? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எஸ்எஸ்எச் என்று முடிவுகட்டி அனுப்பிவிடுவார். கல்யாண வீட்டில் பேசாமல் நிற்பவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நாம் நினைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி.

பாக்கி 65,534 கதவுகளைப் பூட்டிய ஆபீஸ் நிம்மதியாகத் தூங்குகிறது. பூட்டிய கதவுகளை எண்ணிப் பயனில்லை ஐயா. திறந்த கதவில் யார் போகிறார் என்று பாருங்கள்.