கிளவுஸுக்குள்ள போற மோதிரம்

கட்டிக்கப்போற அம்மிணிக்குன்னு உன்ற போன்ல நீ காட்டுன மோதிரத்தக் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ பாத்தேன் கண்ணு. நெம்ப நல்லா இருக்குது. வெலையச் சொன்னதுக்குப் பொறவு இன்னும் நல்லா இருந்துச்சு. ரெண்டு லட்ச ரூவாப் பொருள நல்லா இல்லீன்னு சொல்ற தைரியம் இந்த ஊர்ல ஆருக்கு இருக்குது?

"கடையில விக்கறதுதான் எல்லார் கையிலயும் கெடக்குதுங்க அப்புச்சி. இது அவளுக்குன்னே டிசைன் பண்றது. ஒலகத்துலயே ஒண்ணுதான்"னு சொன்ன. சொல்றப்ப உன்ற மொகம் பூத்துப்போச்சு. அதக் கெடுக்க எனக்கு ஆசையில்ல. கெடுக்கற வேலைய உன்ற அம்மாயி பாத்துக்குவா. நான் கணக்கு மட்டும் பாக்கறேன்.

4 கிராம் மோதிரம், 18 கேரட்டுன்ன. அப்படீன்னா நூத்துக்கு 75 பங்குதான் தங்கம். உள்பக்கம் 750ன்னு முத்திரையே குத்திருப்பாங்க. ஆக அசல் தங்கம் 3 கிராமு. இதுல நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். 22 கேரட்டு மெதுவானது, கல்லப் புடிக்கற கொக்கி அன்னாடு ஒரசி ஒரசி அகண்டுக்கும், ஒரு நாளைக்குக் கல்லு எங்கயோ உழுந்துரும். வைரம் பதிக்கறதுன்னா 18தான் நல்லதுன்னு ஆசாரியே சொல்லுவாரு. சரி, கல்லு எவ்வளவு? 50 சென்ட்டு. நெலத்துல நூறு சென்ட்டு ஒரு ஏக்கரு. வைரத்துலயும் நூறு சென்ட்டுதான் ஒரு கேரட்டு. ஆனா ஒரு கேரட்டோட எடை 200 மில்லிகிராமு. நீ வாங்கப்போற அரை ஏக்கரோட மொத்த எடை 100 மில்லிகிராமு! இங்க நம்ம தோட்டத்துல 50 சென்ட்டுல கடலை போட்டா மூட்டையாவது வரும். அங்க என்ன வெளையும்? ஒறம்பரைக கண்ணுல பொகை வெளையும். அதுவும் ஒரு வெள்ளாமதான், வேண்டாங்கல.

உன்ற ரெண்டு லட்சத்துல பாதிக்கு மேல அந்த 100 மில்லிக்குத்தான் போகுது. மீதியில தங்கம், செய்கூலி, சேதாரம். அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. இது போதாதுன்னு டிசைனுக்குன்னு தனியா ஒரு கூலி. சேதாரம் 20 சதவீதம்னு போட்டான்னு வெச்சுக்கோ. 4 கிராமுக்கு 800 மில்லி. அதாவது மோதிரத்துல இல்லாத தங்கத்துக்கும் நீ காசு குடுக்கற. நாளைக்கு ஒரு அவசரத்துக்கு அதக் கொண்டுபோனா தங்கத்த மட்டும் நிறுப்பான். செய்கூலியும் சேதாரமும் திரும்ப வராது. டிசைன் கூலிய வாயத் தொறந்து கேக்கவே முடியாது. "எங்க கடையில வாங்குன கல்லுங்களா?"ன்னு மட்டும் மரியாதையாக் கேப்பான்.

கண்ணபுரம் மாட்டுச்சந்தையில துண்டுக்குள்ள கைய உட்டு, வெரலப் புடிச்சு வெல பேசுவோம், ஞாபகம் இருக்குதா? நகைக்கடையிலயும் வெரலப் புடிச்சுத்தான் வெல பேசறாங்க. என்ன, சந்தையில ஏமாந்தவன் தெரியாம இருக்கத் துண்டாவது இருக்கும்.

கண்ணாலத்துக்கு வைர மோதிரம் போட்டே ஆகோணும்னு எந்தச் சாஸ்திரத்துல இருக்குதுன்னு உன்ற தங்கச்சியக் கேட்டேன். அந்தப் புள்ள போனத் தட்டிப் படிச்சுக் காட்டுச்சு. டி பீர்ஸுன்னு ஒரு வைரக் கம்பெனி. அவிகளுக்கு 1947ல அமெரிக்காவுல ஒரு வெளம்பர ஆபீஸ்ல வேல செஞ்ச பிரான்சஸ் கெரட்டிங்கற அம்மா, வைரம்னா என்னென்னைக்கும் இருக்கறதுன்னு ஒத்தை வரி எழுதிக் குடுத்துச்சாம். அந்த ஒத்தை வரியில ஒலகமே கல்லு தேடிக் கெளம்பிருச்சு. பொறவு, ரெண்டு மாசச் சம்பளத்த மோதிரத்துல போடறதுதான் மொறைன்னும் அந்தக் கம்பெனியே வெளம்பரம் போட்டு மாப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துச்சாம். விக்கறவனே வெலைக்கு மொறையும் சொல்றான் பாத்தியா! இதுல எனக்கு நெம்பப் புடிச்சது என்ன தெரியுமா? ஊருக்கெல்லாம் மோதிரம் மாட்டி உட்ட அந்த கெரட்டியம்மா கடைசி வரைக்கும் கண்ணாலமே பண்ணிக்கல.

நம்ம பக்கம் நிச்சயத்துல வெத்தல பாக்குத் தட்டு மாத்துனதுதான் நான் சின்ன வயசுல பாத்தது. மோதிரம் மாத்தறதெல்லாம் போட்டோக்காரன் வந்ததுக்குப் பொறவு வந்தது. "சார், வெரல இன்னும் கொஞ்சம் இப்படி"ன்னு அவன் சொல்ற வரைக்கும் சடங்கு நிக்கும்.

சரி, ஒலகத்துல ஒண்ணுதான்னு சொன்னியே, அந்தக் கதைக்கு வருவோம். கோயமுத்தூர்ல ஆர்டர் வாங்கறவங்க எப்படிச் செய்யறாங்கன்னு பாத்திருக்கறேன். ஒரு பையன் கம்ப்யூட்டர்ல வரைவான். மிசின்ல மெழுகாட்டம் ஒரு அச்சு வரும். அதச் சுத்தி மாவு ஊத்தி எறுக வெச்சு, மெழுக உருக்கி எடுத்துட்டு, அந்தப் பள்ளத்துல தங்கத்த ஊத்துவாங்க. பொறவு ராவி, பாலிஷ் போட்டு, கல்லுப் பதிப்பாங்க. நல்ல வேலைதான், சுத்தமா வரும். ஆனா உன்ற ஒத்தை மோதிரம் அந்தக் கம்ப்யூட்டர்ல பைலாக் கெடக்குமே, அத அடுத்த மாசம் வர்ற மாப்பிள்ளைக்குக் காட்ட மாட்டான்னு ஆரு கண்டது? அந்தப் பைல் ஆருதுன்னு மொதல்ல கேட்டுப்போட்டு அட்வான்ஸ் குடு. தங்கத்த ஊத்தறதுக்கு முன்னால அந்த அச்ச வாங்கி வெரல்ல போட்டுப் பாத்துரோணும். ஊத்துனதுக்குப் பொறவு புடிக்கலீன்னா, நீ சொன்ன டிசைனுதானுங்களேன்னு படத்தத் திருப்பிக் காட்டுவான்.

பழைய கதைகள்லயும் ஆர்டர் மோதிரம் இருக்குது கண்ணு. அனுமாரு இலங்கைக்குக் கொண்டுபோன கணையாழியில ராமரோட பேரு பொறிச்சிருந்துச்சுன்னு வால்மீகி சொல்றாரு. சீதம்மா அதப் பாத்ததும் ஆளு ஆருன்னு நம்புச்சு. கல்லு எத்தன சென்ட்டுன்னு கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல. துஷ்யந்தனும் பேரு பொறிச்ச மோதிரத்தத்தான் சகுந்தலைக்குக் குடுத்தான். என்ன பண்ணுனான்? தன்ற கையில கெடந்தத உருவி அந்தம்மா வெரல்ல போட்டுட்டான். ஆம்பள மோதிரம் பொம்பள வெரல்ல நிக்குமா? தண்ணியில நழுவி மீனு வாயிக்குப் போச்சு. அளவெடுக்காத ஒரு மோதிரத்தால காளிதாசனுக்கு ஒரு முழு நாடகம் கெடச்சுது. உனக்குப் பஞ்சாயத்துதான் கெடைக்கும். உள்பக்கம் பேரு வெட்டறதுக்கு ஆகற காசு, நீ டிசைனுக்குக் குடுக்கற கூலியோட பாத்தா தூசி.

நீ 'சர்ப்ரைஸ்'னு சொல்லிப்போட்டு அம்மிணிய ஒரு வார்த்தையும் கேக்காம இருக்கற பாரு, அங்கதான் எனக்கு வெசனம். அந்தப் புள்ள பல்லு டாக்டரு. காத்தால பூந்தா சாயங்காலம் வரைக்கும் கையில ரப்பர் கிளவுஸு. உன்ற படத்துல கல்லு கோபுரக் கலசமாட்டம் ஒசந்து நிக்குது, சுத்தீலும் ஆறு கொக்கி. கிளவுஸு போட்டா கிழியும். போடறப்பவெல்லாம் கழட்டி வெக்கோணும். கழட்டி வெச்சது ஒரு நாளைக்குத் தொலையும். தொலஞ்ச அன்னிக்கு, "உனக்கு எம்மேல அக்கறையே இல்ல"ன்னு ஆரு ஆரச் சொல்லுவாங்கன்னு அம்மாயியக் கேளு, வெவரமாச் சொல்லுவா.

இப்பத்தான் உன்ற பக்கம் பேசப்போறேன், காதக் குடு. கிளவுஸுக்குள்ள போற மோதிரம் கடையில லேசுல கெடைக்காது. கண்ணாடிப் பொட்டியில மின்னறதுக்குன்னு செஞ்சதத்தான் அங்க அடுக்கியிருப்பான். கல்லு மேல துருத்தாம, சுத்தித் தங்கத்தாலயே கட்டி, தட்டையா, ஓரம் மழுங்க இருக்கோணும். பெசல் செட்டிங்குன்னு சொன்னா ஆசாரிக்குப் புரியும். இதுக்கு ஆர்டர் குடுத்துச் செய்யறது நாயம். ஆனா பட்டை முழுக்கச் சுத்திக் கல்லு பதிக்கற வேல வேண்டாம். நாளைக்கு வெரலு பெருத்தாலும் எளச்சாலும் அத அகட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வெள்ளத் தங்கம் கேட்டா, மேல ரோடியம் முலாம் பூசியிருப்பாங்க, அது தேய்ஞ்சு தேய்ஞ்சு மஞ்ச தெரியும், மறுக்கா பூசோணும், அதையும் சொல்லி வெச்சுரு.

அம்மாயி பொட்டியில கொக்கி ஒடஞ்ச பழைய தோடு ஒரு ஜோடி கெடக்குது. நான் கேட்டா தர மாட்டா, நீ கேளு. உருக்கறதுக்கு முன்னால ஹால்மார்க் சென்டர்ல குடுத்து மாத்து எவ்வளவுன்னு பாத்துரு. எங்க காலத்துத் தங்கத்துல செம்பு எவ்வளவுன்னு அந்த ஆசாரிக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். வைரம் வேணும்னா லேப்ல வளத்தறது இருக்குது. மண்ணுல எடுத்ததுக்கும் அதுக்கும் வெறுங்கண்ணுல வித்தியாசம் தெரியாது, வெல நெம்பக் கம்மி. 2023ல மோடி அமெரிக்கா போனப்ப அங்கத்த ஜனாதிபதி சம்சாரத்துக்கு 7.5 கேரட்டுல அதைத்தான் குடுத்தாரு. அந்த வெள்ளை மாளிகை அம்மாவுக்கு ஆகும்னா நம்ம அம்மிணிக்கு ஆகாதா? ஆனா திரும்ப விக்கறப்ப அதுக்குப் பெருசா ஒண்ணும் வராது. அதத் தெரிஞ்சு வாங்கு.

ஆக, நீ படத்துல காட்டுனது வேண்டாம். தட்டையா ஒண்ணு, அம்மாயி தங்கத்துல, அம்மிணி பேச்சக் கேட்டு, ஆர்டர் குடுத்தே செய்யி. அளவ சாயங்காலமா எடு. காத்தாலயும் குளுருலயும் வெரலு சுருங்கியிருக்கும். அந்தப் புள்ள தூங்கறப்ப நூலச் சுத்தி அளக்கற சினிமா வேலையெல்லாம் வெச்சுக்காத, கண்ணாலத்துக்கு முன்னால நீ அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தன்னு கேப்பாங்க. செஞ்சு முடிஞ்சதும் ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து ஹெச்யுஐடி எண்ணும் இருக்குதான்னு பாரு. பில்லுல தங்கத்தோட எடை, கல்லோட எடை, செய்கூலி மூணையும் தனித்தனியா எழுதித் தரலீன்னா, ஏசிக்காத்து எவ்வளவு சொகமா இருந்தாலும் படியெறங்கி வந்துரு.