கல்லீரலைக் கொழுக்க வைப்பது எப்படி?

பிரான்சில் வாத்தின் தொண்டையில் குழாய் விட்டு, மக்காச்சோளத்தைத் திணித்து அதன் ஈரலைக் கொழுக்க வைக்கிறார்கள். நமக்குக் குழாய் வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு சால்னாவில் ஊறிய பரோட்டா போதும்.

முதலில், "நான் குடிக்கவே மாட்டேன் சார்" என்ற வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். சர்க்கரை, தொப்பை, ட்ரைகிளிசரைடு கூட்டணி அமைத்தால் சொட்டு மது இல்லாமலே ஈரலில் கொழுப்பு படியும். 2023-ல் உலக நிபுணர்கள் இந்த நோயின் பெயரிலேயே வளர்சிதை மாற்றக் கோளாறைச் சேர்த்துவிட்டார்கள், கண்டுகொள்ளாதீர்கள். ஒல்லியானவர்களும் மனம் தளர வேண்டாம். கை கால் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் போகும் உடல்வாகு நமக்கு உண்டு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் பாஸ்.

ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வரும். "இது எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று சொல்ல ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். ரிப்போர்ட்டை பீரோவில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

பலன் தெரிய வருஷங்கள் ஆகும். ஒருநாள் அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போய், "என்னோடத எடுத்துக்கங்க டாக்டர்" என்று போய் நிற்பீர்கள். டாக்டர் கணக்குப் போடுவார். வெட்டிக் கொடுத்தது போக உங்களிடம் 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும். அந்த மிச்சம்தான் வளர்ந்து முழு வேலையும் பார்க்கும். கொழுத்த ஈரல் வளர்வதில் சுணங்கும், அண்ணன் உடம்பில் வேலையைத் தொடங்குவதிலும் சுணங்கும். பாசம் நூறு சதவீதம் இருந்தும், ஈரலில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் ஈரலிலேயே வெட்டியெடுக்க வேண்டிய கட்டி வந்தால் திருப்பி அனுப்ப வழியில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ஈரலைப் பார்த்திருப்பீர்கள்: கருஞ்சிவப்பு, கத்தி மாதிரி ஓரம். கொழுத்த ஈரல் மஞ்சள் பூத்து, ஓரம் மழுங்கி, ஊதிக் கிடக்கும். வெட்டும்போது ரத்தம் அதிகம் போகும். போகாமலிருக்க ஈரலுக்கு வரும் ரத்தக்குழாய்களைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிப்பார்கள். கிளாஸ்கோ அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908-ல் எழுதிவைத்த உத்தி அது. நல்ல ஈரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கும். கொழுப்பு பிதுங்கி நுண்குழாய்களை ஏற்கெனவே நெருக்கி வைத்திருக்கும் ஈரல், பிடியை விட்டு ரத்தம் திரும்பப் பாயும்போதும் சேர்த்து அடி வாங்கும். கட்டுப்படாத சர்க்கரையும் இருந்தால் புண் சீழ்பிடிக்க வசதி.

ஒரே ஒரு ஆபத்து இருக்கிறது. சில டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்பே பத்தியம் போட்டு, நடக்க விட்டு, சில வாரங்களிலேயே கொழுப்பைக் கரைத்துவிடுகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்ட தம்பிகள் அப்படித் தேறிவந்து ஈரல் கொடுத்ததும் உண்டு. இதிலிருந்து உங்களைக் காப்பாற்றச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் தேதி தெரிந்ததுமே சித்தி தூக்குவாளியோடு வந்துவிடுவார். "உடம்புல தெம்பு வேணாமாப்பா?" என்று அல்வா மேல் இன்னொரு கரண்டி நெய் விடுவார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், சித்தி கோபித்துக்கொள்வார்.